ராணுவ ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு

பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இப்போதெல்லாம் ஒரு வாதம் அடிக்கடி கிளம்புகிறது. "ராணுவத்துக்கு எதற்குத் தனியாக ஆஸ்பத்திரி, தனியாக மருத்துவக் கல்லூரி, தனியாக ஆராய்ச்சி? சிப்பாய் கையில் ஒரு கார்டைக் கொடுத்தால் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டிக்கொள்வான். ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளட்டும். கன்டோன்மென்ட் நிலமாவது மிச்சமாகும்" என்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வரிப்பணம் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வாதம் தப்பு. எங்கே தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் டாக்டரும் இல்லை, பட்டாளத்துக்காரனும் இல்லை. பாதுகாப்புக் கணக்குத் துறையில் பில் பார்த்து, ஆட்சேபணை எழுதி, ரிட்டையர் ஆனவன். செலவைக் குறைக்கச் சொல்லும் ஃபைல்கள் எத்தனையோ என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஆகவே சிக்கனத்துக்கு நான் விரோதி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உத்தியோகத்தில் சில வருஷங்கள் புனேயில் இருந்தேன். அந்த ஊர் கன்டோன்மென்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வானவ்டி பக்கம் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. அதை ஒட்டி, அந்தக் கல்லூரி மாணவர்கள் பயிற்சி பெறும் கமாண்ட் ஆஸ்பத்திரி. அதே வட்டாரத்தில் இதய, நெஞ்சு நோய்களுக்கென்று ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. 1944-ல், இரண்டாம் உலகப் போரின் நடுவில் தொடங்கிய செயற்கைக் கால் மையமும் அங்கேதான். இந்தக் கல்லூரி 1948 மே 1-ஆம் தேதி பிறந்ததே ஒட்டுப்போட்டுத்தான். போர்க்காலத்தில் தனித்தனியாக நடந்துவந்த பயிற்சிப் பள்ளிகள், நோய்க்குறியியல் கூடம் ஆகியவற்றை டாக்டர் பி.சி. ராய் குழுவின் யோசனைப்படி ஒன்றாகச் சேர்த்தார்கள். எம்.பி.பி.எஸ். வகுப்பு பிறகு, 1962-ல் வந்தது. சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், பிரிவினைச் சுமையும் பணத்தட்டுப்பாடும் கழுத்தை நெரித்த நேரத்தில், அந்தப் பெரியவர்கள் பிரிக்கவில்லை, சேர்த்தார்கள். ஏன் சேர்த்தார்கள்?

இதற்குப் பதில் சொல்ல நம் சென்னை வரைக்கும் வரும் ஒரு பழைய கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் அருகே நெட்லி என்ற இடத்தில் 1863-ல் ஒரு பிரமாண்டமான ராணுவ ஆஸ்பத்திரி திறந்தார்கள். கால் மைல் நீளக் கட்டடம். கட்டட அமைப்பு சரியில்லை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் சண்டையே போட்டார். ஆனால் ஒரு காரியம் நல்லதாக அமைந்தது. ராணுவ மருத்துவப் பள்ளியையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். நோயாளி, வாத்தியார், நுண்ணோக்கி மூன்றும் ஒரே வளாகத்தில். அங்கே பேராசிரியராக இருந்த அல்ம்ராத் ரைட்தான் டைபாய்டு தடுப்பூசிக்கு வழிகாட்டிய முன்னோடிகளில் ஒருவர்.

கல்கத்தாவை அடுத்த டம்டமில் வேலை பார்த்த ஒரு சிப்பாய், காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக ஊர் திரும்பி, 1900-ல் நெட்லியில் இறந்துபோனான். அங்கே இருந்த வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டர் அவன் மண்ணீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அதுவரை யாரும் விளக்காத சிறு சிறு உருவங்கள் தெரிந்தன. 1903-ல் அதை எழுதி வெளியிட்டார். அதே வருஷம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், இந்திய மருத்துவப் பணி என்ற ராணுவச் சேவையைச் சேர்ந்த சார்லஸ் டானவன் அதே உருவங்களைத் தம் நோயாளிகளிடம் கண்டார். அவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பாடமும் நடத்தியவர். கருங்காய்ச்சல் என்கிற காலா அசாரின் கிருமி அப்படித்தான் பிடிபட்டது. இருவர் பேரையும் சேர்த்து அதற்கு 'லீஷ்மேனியா டானவனி' என்று ரொனால்ட் ராஸ் பெயர் வைத்தார்.

கவனியுங்கள். அங்கே நெட்லி, இங்கே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி. இரண்டிலும் படுக்கையும் ஆய்வுக்கூடமும் வகுப்பறையும் பக்கத்தில் பக்கத்தில். மண்ணீரல் ஓர் ஊரிலும் நுண்ணோக்கி இன்னோர் ஊரிலும் இருந்திருந்தால், நடுவில் ஒரு கடிதப் போக்குவரத்து நடந்திருக்கும். கடிதப் போக்குவரத்து எவ்வளவு வேகமாக நடக்கும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

பழங்கதை என்பவர்களுக்கு நம் காலத்துக் கதை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் என்ற ராணுவத் தளம். அங்கே புரூக் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. அதோடு சேர்ந்தே ராணுவ அறுவை ஆராய்ச்சி நிலையமும் அதன் தீக்காயப் பிரிவும். இந்த நிலையம் 1943-ல் நியூயார்க் பக்கம் பிறந்து 1947-ல் இங்கே குடிவந்தது. 2010 முதல் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் மருத்துவ உதவியாளர்களுக்கும் பயிற்சி தரும் பெரிய கல்வி வளாகமும் இதே தளத்தில் நடக்கிறது. கை கால் இழந்தவர்களுக்கான மறுவாழ்வு மையம் 2007-ல் பொதுமக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்தது.

தீக்காயம் பட்டவருக்கு முதல் 24 மணி நேரத்தில் எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்பதற்கு உடல் எடையையும் வெந்த பரப்பையும் வைத்து ஒரு கணக்கு உண்டு. டாக்டர்கள் படிக்கும் அந்தக் கணக்குகளில் ஒன்றின் பெயரே 'புரூக் ஃபார்முலா'. இந்த வளாகத்தின் பெயர்தான். நம் கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவில் ஒரு ராத்திரி காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த முதல் நாள் கணக்கின் அருமை தெரியும்.

இன்னொன்று. கையிலோ காலிலோ குண்டு பாய்ந்து ரத்தம் பீறிட்டால் இறுக்கிக் கட்டும் பட்டையை டூர்னிகே என்பார்கள். கட்டினால் அந்தக் காலே போய்விடும் என்று பயந்து அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருந்தார்கள். இந்த ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான் கிராக் என்ற எலும்பு மருத்துவர் பாக்தாத் ராணுவ ஆஸ்பத்திரியில் பட்டை கட்டி வந்த 232 பேரின் கதியைக் கணக்கெடுத்து 2009-ல் வெளியிட்டார். ரத்தம் இழந்து ஷாக் நிலைக்குப் போகும் முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தது 10 சதவீதம். இப்படிப்பட்ட தகவல்களை வைத்துத்தான் பயிற்சியே மாறியது. இன்று எல்லாச் சிப்பாய்களுக்கும் அதைக் கட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2015-ல் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கும் இதைச் சொல்லித்தரும் இயக்கத்தைத் தொடங்கியது. காயம் ஆய்வானது, ஆய்வு பாடமானது, பாடம் அடுத்த காயத்தை ஆற்றியது. இந்தச் சக்கரத்தில் ஓர் ஆரத்தைப் பிடுங்கினால் வண்டி ஓடுமா?

பிடுங்கிப் பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டன் 1990-களில், பனிப்போர் முடிந்ததே என்று, ராணுவ ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாக மூடியது. கடைசியாக மிஞ்சிய ஹாஸ்லர் ஆஸ்பத்திரியைவிட்டு 2007-ல் ராணுவம் வெளியேறியது. அது எந்த நேரம்? ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அவர்கள் பிள்ளைகள் கால் இழந்துகொண்டிருந்த நேரம். பர்மிங்ஹாம் பொது ஆஸ்பத்திரியில் மற்ற நோயாளிகளோடு சேர்த்துப் படுக்க வைத்தார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. கடைசியில் என்ன செய்தார்கள்? 2001-ல் அதே பர்மிங்ஹாமில் தொடங்கியிருந்த ராணுவ மருத்துவ மையத்தைப் பலப்படுத்தி, சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துச் சமாளித்தார்கள். அங்கே நல்ல வேலை நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிவில் ஆஸ்பத்திரிக்குள் இருந்தும் நடந்தது. வேலி எங்கே என்பது முக்கியமில்லை. மூன்றும் சேர்ந்திருப்பதுதான் முக்கியம்.

அமெரிக்காவும் வருஷக்கணக்காக ராணுவக் குடும்பங்களை வெளி ஆஸ்பத்திரிகளுக்குத் தள்ளிப் பார்த்தது. 2023 டிசம்பரில் அவர்களுடைய பாதுகாப்புத் துறையே, நோயாளிகளைத் திரும்ப ராணுவ ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள் என்று உத்தரவு போட்டது. காரணம் எளிது. வெளியே கட்டிய பில்லும் ஏறிற்று. உள்ளே இருந்த டாக்டர் கைக்கு வேலையும் குறைந்தது. அமைதிக் காலத்தில் கத்தி பிடிக்காத கை, போர்க்காலத்தில் மட்டும் நடுங்காமல் இருக்குமா?

"படுக்கை காலியாகக் கிடக்கிறதே" என்பார்கள். எங்கள் ஊர் ஏரிக்கு ஒரு கலங்கல் உண்டு. பத்து வருஷம் தண்ணீர் வழியாமல் வெயிலில் காய்ந்து கிடக்கும். சும்மாதானே நிற்கிறது என்று அதை இடித்துக் கல்லைப் பேர்த்துக்கொண்டு போனவன் யாரும் இல்லை. பதினோராம் வருஷம் வரும் வெள்ளத்துக்காக அது நிற்கிறது என்று கைநாட்டுப் போடுகிறவருக்கும் தெரியும்.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலிக்குள் நடக்கும் ஆராய்ச்சி வெளியே தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆராய்ச்சித் தளத்தில் 1953-ல் ரொனால்ட் மேடிசன் என்ற 20 வயது விமானப்படை இளைஞனின் கையில் சாரின் விஷத்தைச் சொட்டு விட்டுச் சோதித்தார்கள். பையன் செத்துப்போனான். முதல் விசாரணை ரகசியமாக நடந்தது. சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பு வர 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாஷிங்டனில் புகழ்பெற்ற வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில், அறுவை முடிந்து தேறிவரும் வீரர்களைப் பூஞ்சை பிடித்த, எலி ஓடும் கட்டடத்தில் தங்க வைத்திருந்ததை 2007-ல் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. ஒரே வளாகம் என்பதால் மட்டும் மனசாட்சி வந்துவிடாது. இதற்கெல்லாம் மருந்து, வெளியாட்கள் உள்ள நெறிமுறைக் குழு, முடிவுகளை அச்சில் வெளியிடுவது, சிப்பாய் "வேண்டாம்" என்றால் விட்டுவிடுவது. வீட்டில் ஒட்டடை படிந்தால் அடிக்க வேண்டும். வீட்டை இடிப்பார்களா?

நம் நாட்டு உதாரணம் ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. 1962 சீன யுத்தத்துக்குப் பிறகு சமவெளிப் பையன்களை அவசர அவசரமாக இமயமலை உச்சிக்கு ஏற்றினோம். பலர் குண்டு படாமலே நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறினார்கள். இந்தர் சிங் என்ற நம் ராணுவ டாக்டரும் அவர் குழுவும் 1,925 சிப்பாய்களைக் கவனித்து 1969-ல் எழுதிய மலை நோய்க் கட்டுரையை உலகமே எடுத்துப் படித்தது. அந்த அறிவு நம் படுக்கையருகே பிறந்தது. எந்தத் தனியார் ஆஸ்பத்திரி அவ்வளவு சிப்பாய்களை அவ்வளவு உயரத்தில் பின்தொடர்ந்து போயிருக்கும்? போனால் பில்லை யாருக்கு அனுப்பும்?

அதனால் நான் கேட்பது மூன்று. முதலாவது, புனே போன்ற வளாகங்களின் செலவை ஆஸ்பத்திரிக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, ஆய்வுக்கு ஒன்று என்று தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒவ்வொன்றாக "நஷ்டம்" என்று முத்திரை குத்தாதீர்கள். அவை மூன்றும் ஒரே கணக்கு. இரண்டாவது, வேலிக் கதவைக் கொஞ்சம் திறங்கள். சான் அன்டோனியோ ராணுவ ஆஸ்பத்திரி ஊர்க்காரர்களின் விபத்துக் கேஸ்களையும் எடுத்துக்கொள்கிறது. நம் நெடுஞ்சாலைகளில் தினமும் விழும் உயிர்களுக்கு நம் ராணுவ டாக்டர்களின் கையும் கிடைக்கட்டும். அவர்களுக்கும் பழக்கம் விடாது, நமக்கும் பிள்ளைகள் மிஞ்சுவார்கள். மூன்றாவது, அங்கே கண்டுபிடிப்பதை ரகசிய முத்திரை குத்திப் பெட்டிக்குள் போடாமல் வெளியிடுங்கள்.

1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாறில் புற்றுநோய் நிலையம் தொடங்கினார். இன்று சிகிச்சையும் ஆராய்ச்சியும் படிப்பும் அங்கே ஒன்றாகவே நடக்கின்றன. அதைப் பிரித்துவிடுங்கள் என்று நம்மில் யாராவது சொல்வோமா? நம் அம்மாவுக்கோ அக்காவுக்கோ அங்கே வைத்தியம் நடந்திருக்கும், அதனால் சொல்ல மாட்டோம். சிப்பாய்க்கும் ஓர் அம்மா உண்டு. கார்டு கொடுத்தால் போதும் என்கிறவர்கள், அடுத்த தடவை அதைச் சொல்லும்போது அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லட்டும்.