ஏழை பெற்றால் மட்டும் இனாமா?

அண்மையில் ஒரு சிற்றூரின் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். எதிர்த் திண்ணையில் ஒருவர் கைவிரற் பதிவுக் கருவியோடு உட்கார்ந்து முதியோர் பணம் வழங்கிக்கொண்டிருந்தார். அவர்முன் பத்துப் பன்னிரண்டு மூதாட்டியரும் இரண்டொரு முதியவரும் வெயிலில் வரிசையாக நின்றிருந்தனர். எம் அருகில் இருந்தவர் முப்பதாண்டுகள் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், நல்ல தமிழ்ப்பற்றாளர், நம் இதழைத் தவறாது படிப்பவர். அவர் அவ் வரிசையைக் காட்டி, "பார்த்தீர்களா ஐயா, தமிழினத்தையே இரந்துண்ணும் இனமாக ஆக்கிவிட்டார்கள். ஓசியில் வாங்கித் தின்று பழகிய கை இனி உழைக்குமா?" என்றார்.

இஃது அவர் ஒருவரின் கூற்றாக மட்டும் இருந்திருப்பின் இவ் ஆசிரியவுரைக்கு வேலையிராது. நம் கூட்டங்களிலும் இப் பேச்சு கேட்கிறது. நம் தோழர்களுள் சிலர் மேடையேறியே இதைச் சொல்கின்றனர். தன்மானம் என்னும் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே ஏழையரின் தன்மானத்தில் கைவைக்கும் இப் பழக்கத்தை நாம் நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

முதலில் அப் பணம் எத்தகையது என்று பார்ப்போம். 1962 ஏப்பிரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியபொழுது, ஆதரவற்ற முதியவர் ஒருவர்க்குத் திங்களுக்கு 20 உருபா கொடுக்கப்பெற்றது. 2011இல் அது 1,000 உருபாவாகவும், 2023இல் 1,200 உருபாவாகவும் உயர்ந்தது. நாளொன்றுக்கு 40 உருபா! அன்று யாமிருவரும் குடித்த தேநீர்க்கும் தின்ற வடைக்கும் கொடுத்த காசு அதனினும் மிகுதி. இத் தொகையில் நடுவணரசின் பங்கோ இன்னும் நகைப்புக்குரியது. எண்பது அகவைக்கு உட்பட்டவர்க்கு 2007இலேயே 200 உருபாதான் இருந்தது. 2025 வரையில் அதில் ஓர் உருபாவும் ஏறவில்லை. இடையில் அரிசி விலையும் மருந்து விலையும் எத்தனை மடங்கு ஏறின என்பதை நம் இல்லத்தரசியரைக் கேட்டால் தெரியும்.

இந்த நாற்பது உருபாவைப் பெற அம் மூதாட்டி என்ன செய்தாக வேண்டும்? தாம் ஆதரவற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். ஊர் அலுவலரிடம் போக வேண்டும். வருவாய் ஆய்வாளரிடம் போக வேண்டும். தனி வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேற வேண்டும். அங்கும் கிடைக்காவிடின் திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியரகத்தில் மனுவோடு நிற்க வேண்டும். வாழ்நாள் முழுதும் அண்டை வீட்டார்க்கும் தெரியாமல் தம் வறுமையை மறைத்துக் காத்தவர், அறுபது அகவைக்குமேல் அதனைத் தாளில் எழுதி நாலுபேர் கையொப்பம் வாங்க வேண்டும். பெற்ற மகன் இருந்தும் சோறிடாதவனாயின், "என் மகன் எனக்குச் சோறு போடுவதில்லை" என்று ஊரறியச் சொல்ல வேண்டும். எந்தத் தாய்க்கு ஐயா அச்சொல் எளிதில் வாயில் வரும்? அவ் வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அச்சொல்லையோ அதனினும் கொடிய ஒன்றையோ எங்கோ ஒரு மேசைக்குமுன் சொல்லிவிட்டு வந்தவர்களே. இவர்களைப் பார்த்துத்தான், மானமின்றிக் கை நீட்டுகின்றனர் என்கிறோம்.

எம் நண்பரும் திங்கள்தோறும் அரசுக் கருவூலத்திலிருந்தே ஓய்வூதியம் பெறுகிறார். 2003 ஏப்பிரலுக்கு முன்னரே பணியில் சேர்ந்தவர் ஆகையால், அஃது அவர் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணமும் அன்று. அதை அவர் பெறலாகாது என்று நாம் கூற வரவில்லை. முப்பதாண்டு உழைத்தார், பெறுகிறார். எதிரே நின்ற மூதாட்டி ஐம்பதாண்டு நாற்று நட்டவர், களை பறித்தவர், கதிரறுத்தவர். அவர்க்குப் பணிப்பதிவேடு எழுதுவார் ஒருவருமில்லை, வேறுபாடு அவ்வளவே. எழுதப்பெற்ற உழைப்புக்கு வருவது ஓய்வூதியமாம். எழுதப்பெறாத உழைப்புக்கு வருவது ஓசியாம்!

"அவர்கள் வரி கட்டுவதில்லை, நாங்கள் கட்டுகிறோம்" என்பது அடுத்த கூற்று. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தது முதல் 2025 செபுதம்பரில் குறைக்கும் வரையில், குளிக்கிற சோப்பு எனும் வழலைக்கும் தலைக்குத் தடவும் எண்ணெய்க்கும் நூற்றுக்குப் பதினெட்டு வரி இருந்தது. கூலிக்காரியும் அதைக் கட்டினாள். ஆலை முதலாளியும் அதைக் கட்டினார். முதலாளி கட்டியது அவர் வருவாயில் ஒரு துகள். கூலிக்காரி கட்டியது அன்றைய உலையில் குறைந்த பிடி அரிசி. வரி கட்டாத ஏழை என்று இந் நாட்டில் ஒருவரும் இல்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். சொல்லாராய்ச்சியில் ஈடுபட்ட நாம் இவ்விடத்திலாவது அதனைப் பயன்படுத்த வேண்டாவா? ஏழை பெறுவதை 'இனாம்' என்கின்றனர். அரபியிலிருந்து பாரசீக வழியாக ஆட்சிமொழியில் நுழைந்த சொல் இது. இனாம் பெற்றவர் யாவர்? வரியின்றியோ மிகக் குறைந்த வரிக்கோ நிலமும் ஊருமாக மன்னரிடமும் நவாபிடமும் பெற்று, தலைமுறை தலைமுறையாக அமர்ந்துண்ட பெருங்குடியினரே அவருட் பெரியர். ஆங்கிலேயர் 1858இல் இதற்கென்றே ஓர் ஆணையம் வைத்து அவ்வுரிமைகளை ஆராய்ந்து உறுதி செய்து கொடுத்தனர். 1948இலும் 1963இலும் சட்டங்கள் செய்துதான் அவற்றை ஒழிக்க முடிந்தது. அந் நாள்களில் இனாந்தார் என்பது ஒருவர் பெயரோடு ஒட்டிய பெருமைப் பட்டம்! ஓர் ஊரையே பெற்றவர்க்குப் பெருமையாக இருந்த சொல், இருபது கிலோ அரிசி பெறுபவர்க்கு இழிவாக மாறிவிட்டது. 'ஓசி'யின் கதையும் இத்தகையதே. கும்பனி ஆட்சியில் கட்டணமின்றிச் சென்ற அஞ்சல்களின்மேல் இட்ட ஈரெழுத்துக் குறியே ஓசியாயிற்று என்பர். அது மெய்யாயின், நம் நாட்டில் முதன்முதல் ஓசியில் வாழ்ந்தவர் கும்பனி வெள்ளையரே. 2021 மே திங்களில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், 2022இல் அமைச்சர் ஒருவரே மேடையில் நின்று அச்சொல்லைப் பெண்களைப் பார்த்துச் சொல்லிக் கண்டனத்துக்கு ஆளானார். கொடுத்த கட்சியினர் வாயிலேயே அச்சொல் இருந்தது என்றால், மற்றவர் வாயைப் பற்றிச் சொல்வானேன்?

அதே 2022 சூலையில் தலைமையமைச்சர், வடநாட்டில் ஒரு விரைவுச்சாலையைத் திறந்துவைக்கையில், இத்தகைய உதவிகளை 'இரேவடி' என்று ஏளனம் செய்தார். எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் ஒரு தின்பண்டத்தின் பெயர் அது. நம் தாளிகைகளும் அவ் இந்திச் சொல்லை அப்படியே அச்சிட்டு மகிழ்ந்தன. 2025 பிப்பிரவரியில் உச்சமன்ற அமர்வொன்று, நாம் ஓர் ஒட்டுண்ணிக் கூட்டத்தை உண்டாக்குகின்றோமோ என்னும் பொருள்படக் கேட்டது. எந்த வழக்கில் என்று நினைக்கின்றீர்கள்? நகரங்களில் கூரையின்றித் தெருவோரம் உறங்குவார்க்கு உறைவிடம் வேண்டிய வழக்கில்!

2019 செபுதம்பர் 20ஆம் நாள், வேறு சலுகை கேளாத உள்நாட்டுக் குழுமங்களுக்கு வருமான வரியை நூற்றுக்கு 22 என நடுவணரசு குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி உருபா வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. பத்துக் கோடி முதியவர்க்கு ஓராண்டு முழுதும் திங்கள்தோறும் 1,200 உருபா கொடுக்கப் போதுமான தொகை அது. அதை எவரும் இரேவடி என்று சொல்லவில்லை. அதற்கு 'ஊக்கம்' என்று பெயரிட்டனர். செல்வர்க்குக் கொடுத்தால் ஊக்கம் பிறக்குமாம். ஏழைக்குக் கொடுத்தால் சோம்பல் பிறக்குமாம். மாந்தவுடலில் இப்படி இருவகை அமைப்பு இருப்பதாக எந்த மருத்துவரும் நமக்குச் சொன்னதில்லை.

1982 சூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபொழுதும் இதே ஏளனம் எழுந்தது. கற்றோர் பலர் அதை வாக்குக்கான வெற்று விளம்பரம் என்றனர். 2001 நவம்பரில் உச்சமன்றமே எல்லா மாநிலங்களிலும் பள்ளியில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஏளனம் செய்தவர்கள் அன்று எங்கே போனார்களோ தெரியவில்லை.

கொடுப்பவரிடம் குறையில்லை என்று நாம் கூறவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் தொலைக்காட்சிப் பெட்டியும் அரைவைக் கருவியும் மின்விசிறியும் கொடுத்து, அவற்றின்மேல் தம் முகத்தையும் ஒட்டிக்கொண்டதை நாம் வெறுக்கிறோம். மக்கள் பணத்தில் வாங்கியதைத் தம் வீட்டுச் சொத்துப்போல் வழங்கியவர்க்கன்றோ அங்கு இழிவு? அதைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோன பெண்ணை ஏன் இழித்துரைக்க வேண்டும்? தகுதியில்லாதார் சிலர் பட்டியலில் நுழைவதும் உண்டு. அவரைக் களைவது அலுவலர் வேலை. அவர் பொருட்டு வரிசையில் நிற்கும் எல்லாரையும் ஐயுறுவது, வீட்டில் ஓர் எலி இருப்பதால் உலையே வைக்க வேண்டா என்பதைப் போன்றது.

மானத்தைப் பற்றிப் பேசுவோர் வள்ளுவரைத் துணைக்கழைப்பர். அவர் 'இரவு' என்றோர் அதிகாரமும் அதனையடுத்து 'இரவச்சம்' என்றோர் அதிகாரமும் வைத்திருக்கிறார். இரண்டாவதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். இரந்தே வாழ வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியவன் எவனோ அவன்மேல் பாய்கிறது அவருடைய சினம். நம் சினம் எங்கே பாய்கிறது?

இவற்றையெல்லாம் அப் பெரியவரிடம் அன்றே கூறினோம். அவர் ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. எதிர்த் திண்ணையில் ஏதோ பேச்செழவே எழுந்து சென்றோம். ஒரு மூதாட்டியின் விரல் கருவியில் பதியவில்லை. வலக்கை வைத்தார், இடக்கை வைத்தார், முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். பணம் வழங்குபவர், "ரேகையே இல்லை பாட்டி, அடுத்த வாரம் வாங்க" என்றார். வயற்சேற்றிலும் செங்கற்சூளையிலும் கிடந்த கையில் வரி எப்படி இருக்கும்? பதியாத விரலுடையார்க்கு ஊர் அலுவலர் சான்றின்மேல் அங்கேயே பணம் கொடுக்க வேண்டும், அல்லது வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அவ்வூரார் பெயரால் மாவட்ட ஆட்சியர்க்கு ஒரு மனு எழுதினோம். கீழே முதற் கையொப்பம் எம் நண்பருடையது. அன்று அவ் வரிசையிலிருந்து மூவர் வெறுங்கையோடு திரும்பினர்.