சாதா எழுத்தே போதும்: பெயர்ப் பலகைக்காரர்களின் கொள்கைப் பிரகடனம்

கடைப் பலகை எழுதுகிறவர்கள், லோகோ வரைகிறவர்கள், ஃப்ளெக்ஸ் அச்சடிக்கிறவர்கள் ஆகிய நாங்கள் இன்று முதல் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பலகையில் சாதா எழுத்தைத்தான் வைப்போம். பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் செல்போனிலும் மக்கள் தினமும் படிக்கிற அதே எழுத்து. கடையின் பெயரைச் சொல்ல அதைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த முடிவுக்குக் காரணம் எங்கள் கம்ப்யூட்டர் திரையிலேயே இருக்கிறது. எட்டுக்கு நாலு பலகை. இடப்பக்கம் குலதெய்வம், வலப்பக்கம் கடைக்காரரின் பிள்ளைகள், கீழே மூன்று போன் நம்பர். நடுவில் மிஞ்சிய இடத்தில் நீளமான பெயரை நுழைக்க வேண்டும். கோரல் ட்ராவில் இரு ஓரத்தையும் பிடித்து எழுத்தை நசுக்குகிறோம். அப்போதே மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று தெரியாமல் போகிறது. "நல்லா தூக்கலா இருக்கணும் தம்பி" என்கிறார் கடைக்காரர். வெள்ளையில் ஒரு அவுட்லைன், அதைச் சுற்றிச் சிவப்பில் இன்னொன்று, கீழே ஷேடோ. முதலில் காணாமல் போவது புள்ளி. அடுத்து சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. நெடில் விசிறியின் சுழி அடைத்ததும் மீன் கடை மின் கடையாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் புள்ளி போனாலும் வார்த்தை பெரும்பாலும் தப்பித்துவிடும். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், வேறு சொல்லாகிவிடும். இத்தனையும் செய்துவிட்டு அதற்கு டிசைன் என்று பில் போடுகிறோம்.

எல்லோரும் ஒரே எழுத்தை வைத்தால் எல்லாக் கடையும் ஒரே மாதிரி ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஹெல்வெட்டிகா என்ற எழுத்துரு 1957-ல் சுவிட்சர்லாந்தில் வேறு பெயரில் வெளிவந்தது. 1960-ல் இந்தப் பெயரைப் பெற்றது. உலகில் அதைவிடச் சாதாரணமான எழுத்து இருக்கிறதா என்பது சந்தேகம். பானசோனிக்கும் அதில்தான், ஜீப்பும் அதில்தான். ரேடியோவைப் பார்த்து வண்டி என்று யாரும் ஏமாந்ததில்லை. வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லி 1967-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு லோகோ செய்தபோது அந்த எழுத்தைத்தான் எடுத்தார். பெயரின் இரு சொற்களையும் இடைவெளியில்லாமல் ஒட்டி, ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் கொடுத்தார். எழுத்தைத் திருகவில்லை. 2013 வரை அது விமானங்களில் இருந்தது. நாம் போடும் லோகோ அடுத்த தீபாவளிக்குள் பழசாகிவிடுகிறது.

விக்னெல்லி வரைக்கும் போக வேண்டாம் என்பவர்கள் பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போகலாம். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, மேலே தமிழில் ஊர்ப் பெயர், கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கு. நிற்காமல் ஓடுகிற எக்ஸ்பிரஸிலிருந்தும் ஊரைத் தெரிந்துகொள்ளலாம். அதில் யாரும் பெவல் போடச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

சட்டமும் நமக்கு உதவுவது அளவில்தான். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது விதி. ஐந்து பங்கு இடத்தையும் கொடுத்துவிட்டு, அதில் யாராலும் எழுத்துக் கூட்ட முடியாத ஒன்றை வைத்தால் தமிழுக்கு என்ன லாபம்? கொட்டை எழுத்தில் எழுதுவது வேறு, படிக்கும்படி எழுதுவது வேறு.

கையால் எழுதும் பெயின்டர்களுக்கு இது எதிரானதல்ல. சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுவரில் இழுத்துச் சுண்டிக் கோடு போட்டு, பட்டை பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் 'ழ' எழுதியவர்கள் அவர்கள். மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் அவர்கள் எழுதியது பெரும்பாலும் சாதா எழுத்துதான். சினிமா டைட்டிலுக்குக் கைவண்ணம் காட்டினார்கள். அது அங்கே சரி. சினிமா டைட்டிலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நாங்கள் தலையிடப் போவதில்லை. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுப் பலகையில் தலையிடுவோம்.

நல்ல ஃபாண்ட் விலை அதிகம் என்ற சாக்கும் இனி எடுபடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாமே இலவசம்; லோகோவுக்கும் விற்பனைப் பலகைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கேட்டமரானில் மட்டும் ஒன்பது தடிமன்கள். யூனிகோடு என்பதால் பலகைக்கு அடித்த பெயரையே வாட்ஸ்அப்பிலும் பில்லிலும் ஒட்டலாம். பழைய பாமினி ஃபாண்டில் அடித்ததை அப்படி ஒட்டினால் கிறுக்கல்தான் வரும்.

ஆகவே எங்கள் உறுதி இது. எழுத்தை அகலத்தில் நசுக்க மாட்டோம்; இடம் போதாவிட்டால் படத்தை எடுப்போம், அது குலதெய்வமாக இருந்தால் கடைக்குள் மாட்டச் சொல்வோம். புள்ளிக்கும் விசிறிக்கும் மேலே காலி இடம் விடுவோம். தனித்தன்மை வேண்டுமென்றால் தடிமனிலும் இடைவெளியிலும் நிறத்திலும் காட்டுவோம். தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்துப் போலவோ, தலைக்கோடு போட்டு இந்தி போலவோ வளைக்க மாட்டோம். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு ஏ4 தாளில் எடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டி, தெருவில் போகிற யாரையாவது வாசிக்கச் சொல்வோம். அவர் தடுமாறினால் தப்பு எங்களுடையது.

கடைக்காரர்களே, டிசைனர் உங்களுக்குப் பத்து மாதிரி காட்டுவார். இருப்பதிலேயே வெறுமையாகத் தெரிவதைக் கேளுங்கள். அவர் அதைக் கடைசியில் வைத்திருப்பார். தொழில்காரர்களே, இந்த இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டையும் கிடையாது. அடுத்து வரும் ஆர்டரில் ஷேடோவை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.