ஜனங்களுக்குப் புரியாதாம்!

‘ஜனங்களுக்குப் புரியாது’ என்று முதலில் சொன்னவன் நிச்சயமாக ஜனங்களில் ஒருவனல்ல, அவன் வியாபாரி. தான் விற்கத் துணியாததை ஜனங்களின் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் சாமர்த்தியசாலி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘அஃப்ரோடைட்டிஸ் சைல்ட்’ என்பது கிரேக்க இளைஞர்களின் ராக் இசைக் குழு. 1968-ல், தாய்நாட்டில் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது, பாரிஸில் அவர்கள் ஒரு பாட்டுப் போட்டார்கள். பாஹெல்பெல்லின் பழைய மெட்டு ஒன்றைத் தழுவிய இனிய பாட்டு. ஐரோப்பாவே அதை முணுமுணுத்தது. கம்பெனிக்குப் பரம சந்தோஷம்: இனி இதே மாதிரி பண்ணுங்கள்!

ஆனால், குழுவின் மூளையான வாங்கெலிஸ் வேறு மாதிரி பண்ணினார். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை ஆதாரமாகக் கொண்டு, கோஸ்தாஸ் ஃபெரிஸ் எழுதிய வரிகளோடு, ‘666’ என்ற இரட்டை இசைத்தட்டு. ராக் தாளத்தினூடே ஜாஸ் பாணியில் கட்டறுத்து ஓடும் ஸாக்ஸஃபோன், கூட்டுக் குரல், வெறும் பேச்சு. ஓர் உருப்படி மட்டும் 19 நிமிஷம்! இன்னொன்றில் நடிகை ஐரீன் பாப்பாஸ், தாள வாத்தியங்களுக்கு மேலே ஐந்து நிமிஷம் முனகுகிறார், மூச்சிரைக்கிறார், அலறுகிறார்.

கம்பெனி முகம் சுளித்தது. ஆபாசம் என்றது; விற்காது என்றது. 1971-ல் பதிவு முடிந்த தட்டு 1972-ல்தான் வெளிவந்தது. அதற்குள் குழுவே கலைந்துவிட்டது.

கிரேக்க ராணுவம் 1967-ல் தியோடராக்கிஸின் இசைக்குத் தடை போட்டது. அது பகிரங்கமான அராஜகம், எதிர்த்துக் கோஷமிடலாம். கம்பெனியின் மறுப்பை எதிர்த்து யார் கோஷமிடுவது? அது ஜனங்களின் பெயராலல்லவா வருகிறது!

பணம் போட்டவனுக்குப் பயமிருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கட்டும். ‘எனக்கு நஷ்டம் வரும்’ என்று அவன் சொன்னால் அது கணக்கு. ‘ஜனங்களுக்குப் புரியாது’ என்றால் அது அவதூறு.

புரியாததெல்லாம் உயர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. அந்தத் தட்டிலேயே சலிப்பூட்டும் இடங்கள் உண்டு. அந்த 19 நிமிஷத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், நிறுத்தும் உரிமை கேட்பவருடையது. கேட்பதற்கு முன்பே அவருக்காக நிறுத்திவைக்க இவர்கள் யார்?

சங்கீத சமாசாரம்தானே, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். கொஞ்சம் புது மாதிரியாக எழுதப்பட்ட கதை பத்திரிகை ஆபீஸிலிருந்து திரும்பி வரும்போதும் இதே வாக்கியம்தான் கூடவே வருகிறது. ‘வாசகர்களுக்குப் புரியாது.’ அந்த வாசகர்கள் நீங்கள்தான். உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?