யூதர்களுக்கு எதற்குத் தனி விளையாட்டு மன்றம்?

1909-இல் வியன்னா நகரில் யூதர்களுக்கென்று 'ஹகோவா' என்றொரு விளையாட்டு மன்றம் தொடங்கப்பட்டது. அதன் கதையைக் கேட்கிற எவருக்கும் முதலில் ஒரு நெருடல் வரும். விளையாட்டிலும் மத வேலியா? நியாயமான கேள்விதான். ஆனால் வேலியை முதலில் போட்டவர் யார் என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்நாளைய ஆஸ்திரியாவில் பல உடற்பயிற்சிக் கழகங்களும் மலையேற்றச் சங்கங்களும் 'ஆரியர்' மட்டுமே, அதாவது யூதரல்லாதவர் மட்டுமே, உறுப்பினராகலாம் என்று தங்கள் விதியிலேயே எழுதி வைத்திருந்தன. யூதன் புத்தகப்புழு, உடல் வலு இல்லாதவன் என்ற ஏளனமும் ஊரெங்கும் இருந்தது. மருத்துவரும் எழுத்தாளருமான மாக்ஸ் நோர்டாவ், யூதர்களுக்குத் தனித் தாயகம் கோரிய சியோனிய இயக்கம் 1898-இல் பாசல் நகரில் நடத்திய மாநாட்டில் இதற்கு மறுமொழியாக 'தசை யூதம்' வேண்டும் என்று பேசினார். அந்தப் பேச்சின் பிள்ளைதான் ஹகோவா. ஹீப்ரு மொழியில் அதற்கு 'வலிமை' என்று பொருள். தொடங்கியவர்களில் ஒருவர் பிரிட்ஸ் லோனர்-பேடா. இசை நாடகங்களுக்குப் பாட்டெழுதுகிறவர், மல்யுத்த வீரரல்ல!

கால்பந்து, நீச்சல், மல்யுத்தம், ஹாக்கி என்று மன்றம் கிளைவிட்டது. பெயர் வாங்கித் தந்தது கால்பந்து. 1923-இல் லண்டனுக்குப் போய், வெஸ்ட் ஹாம் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே ஐந்து கோல் போட்டுத் தோற்கடித்தது ஹகோவா. வெஸ்ட் ஹாம் அன்று தன் முழு பலத்தோடு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அது சாதாரண வெற்றியில்லை.

1924–25 பருவத்தின் ஆட்டம் ஒன்று இன்னும் சுவையானது. கோல்கீப்பர் அலெக்சாண்டர் பேபியனுக்கு ஆட்டத்தின் நடுவே கை உடைந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி இல்லை. கையில் கட்டோடு முன்வரிசைக்கு வந்து நின்றவர், வெற்றி கோலையும் தாமே போட்டார். ஆஸ்திரியாவின் முதல் தொழில்முறை லீக் பட்டம் ஹகோவாவுக்குக் கிடைத்தது.

அந்த வெற்றியே அணியைக் கலைத்தது என்றுகூடச் சொல்லலாம். 1926-இல் அமெரிக்கா சென்றபோது நியூயார்க்கில் ஓர் ஆட்டத்துக்கு 46,000 பேர் கூடினார்கள். நல்ல சம்பளம், பகை குறைந்த சூழல். சிறந்த வீரர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஹங்கேரிக்காரர் பெலா குட்மன், பிற்காலத்தில் பயிற்சியாளராக பென்பிகா அணிக்கு 1961, 1962 ஐரோப்பியக் கோப்பைகளை வென்று கொடுத்தவர்.

என்னைக் கேட்டால், இந்த மன்றத்தை அளக்கச் சரியான இடம் கால்பந்து மைதானமல்ல, நீச்சல் குளம். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரியா தேர்ந்தெடுத்தவர்களில் யூடித் டாய்ச், ரூத் லாங்கர், லூசி கோல்ட்னர் ஆகிய மூன்று ஹகோவா பெண்களும் இருந்தார்கள். ஹிட்லரின் ஊரில் நீந்த மாட்டோம் என்று மூவரும் மறுத்தார்கள். யூடித் அப்போது நாட்டின் முன்னணி வீராங்கனை, பதின்வயதுப் பெண். சொந்த நாட்டின் நீச்சல் சம்மேளனம் அவரைத் தடை செய்து, பட்டங்களையும் பறித்தது. வேறு சங்கத்தின் சட்டையை அணிந்திருந்தால் 'மாட்டேன்' என்று சொல்வது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! தனி மன்றம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

1938-இல் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியதும் மன்றம் கலைக்கப்பட்டது, மைதானம் பறிபோனது. ஹகோவா ஆடிய ஆட்டங்களின் முடிவுகள்கூட அந்தப் பருவத்தின் லீக் அட்டவணையிலிருந்து அழிக்கப்பட்டன. ஆடவே இல்லை என்பதுபோல! நீச்சல் வீராங்கனைகளில் பலர் நாட்டைவிட்டுத் தப்பினார்கள். பாட்டெழுதிய லோனர்-பேடாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1942-இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

1945-இல் ஹகோவா மறுபடி தொடங்கியது. எஞ்சியிருந்தவர்கள் சிலரே, சில ஆண்டுகளில் கால்பந்துப் பிரிவு மூடப்பட்டது. மற்ற விளையாட்டுகள் நீடித்தன. 2008-இல் வியன்னாவின் பிராட்டர் பகுதியில் மன்றத்துக்குப் புதிய விளையாட்டு வளாகம் திறக்கப்பட்டது. யூடித் டாய்ச்சுக்கு அவருடைய பட்டங்கள் திரும்பக் கிடைத்தது 1995-இல்.