கவலையால் வந்த மறதியா?

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்து நாலு மாதமான என் சித்தி ஒருநாள் சொன்னார்: "பால் பொங்குறதைப் பார்த்துக்கிட்டேதான் நிக்கிறேன். அடுப்பை அணைக்கணும்னு தோணவே இல்லை." அவர் மகன் உடனே, "கவலையாலதாம்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனாலும் அது தவறு. அந்தத் தவறைப் படித்தவர்களும் சொல்கிறார்கள், காரணங்களோடு.

கீமோ மருந்து மூளைக்குள் போகவே போகாது என்பது முதல் காரணம். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பது உண்மை. பல மருந்துகளை அது நிறுத்தவும் செய்கிறது. ஆனால் கார்முஸ்டின் அதைத் தாண்டும்; மூளைக் கட்டிக்கு அதைக் கொடுப்பதே அதனால்தான். ஐஃபோஸ்ஃபமைடு ஏற்றிய சிலர் ஓரிரு நாளில் குழம்பிப் பிதற்றுகிறார்கள், சிலர் நினைவிழந்தே போகிறார்கள். அந்தக் குழப்பத்துக்கு மெத்திலீன் நீலம் கொடுக்கும் வழக்கமும் உண்டு. சைட்டராபின் அளவு கூடினால் சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும், பேச்சு குழறும். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மெத்தோட்ரெக்சேட்டை முதுகுத்தண்டு நீரிலேயே செலுத்துகிறார்கள், அந்தத் தடுப்பு குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக. தடுப்பைத் தாண்டாத மருந்துகள் உடலில் கிளப்பும் அழற்சியின் தாக்கமும் மூளை வரை எட்டக்கூடியது.

ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோஞ்சேயின் குழு எலிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்தன. நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்கள் சரியாக வளரவில்லை. எலிகளின் நினைவாற்றல் குறைந்தது. மைக்ரோகிளியாவை அகற்றியதும் அது மீண்டது. அந்த எலிகளுக்குப் புற்றுநோயும் இல்லை, "பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்" என்ற தவிப்பும் இல்லை.

வயது, தூக்கமின்மை, மாதவிடாய் நிற்பது, மனச்சோர்வு, இவைதான் காரணம் என்பார்கள் அடுத்து. இவற்றுக்கும் பங்கு உண்டு. கீமோ தொடங்கும் முன்பே சிலருக்கு மறதி தெரிகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய் வந்த 581 பெண்களையும் புற்றுநோய் இல்லாத 364 பெண்களையும் ஒப்பிட்டது. கீமோ முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகும், முன்பைவிட நினைவும் கவனமும் குறைந்ததாகச் சொன்னவர்கள் நோயாளிகளில் 36.5 சதவீதம், மற்றவர்களில் 13.6.

"அது அவர்களாகச் சொல்வதுதானே" என்று கேட்கலாம். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நேரடியாகவே சோதித்தார்கள். கீமோ எடுத்துச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆன 196 பெண்களை, புற்றுநோயே வராத 1,509 பெண்களோடு ஒப்பிட்டு 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சொற்களை நினைவில் வைப்பதிலும் சிந்தனையின் வேகத்திலும் கீமோ எடுத்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள்.

சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்கிறார்களா? முன்பு எப்படி இருந்தார் என்று யாரும் அளந்து வைக்கவில்லை. மளிகைக் கணக்கை மனதிலேயே போட்ட ஒருவர் இன்று சராசரிக்கு இறங்கியிருந்தாலும் தாளில் 'இயல்பு' என்றுதான் வரும்.

கடைசியாக, இதையெல்லாம் சொன்னால் பயந்து கீமோவே வேண்டாம் என்பார்கள் என்ற வாதம். கீமோ உயிரைக் காக்கிறது. என் சித்தி இன்று இருப்பது அதனால்தான். பலருக்கு இந்த மறதி மாதங்களில் குறைந்துவிடுகிறது. உடற்பயிற்சி உதவுகிறது, நினைவுக்கும் கவனத்துக்குமான பயிற்சிகளும் உள்ளன. முன்னமே தெரியாதவர் இதை முதுமை மறதி நோய் என்றெண்ணி யாரிடமும் சொல்லாமல் நடுங்குகிறார். முடி கொட்டும், வாந்தி வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். சித்தியிடமும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டுதான் ஊசிக்குக் கையை நீட்டினார்.