கேஸ் முடிந்துவிட்டதாம்!

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், பள்ளி வாசலிலேயே மச்சான் பிடித்துக்கொண்டார். "காருல ஏசி குளிருதில்ல மச்சான். கேஸ் முடிஞ்சிருக்கும். அடிச்சி வருசமாச்சிதானே." ஸகாத் கணக்குப் பார்க்கும் மாதம் வந்துவிட்டது என்பதுபோல அவ்வளவு நிச்சயம். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எங்கள் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலிருந்து திருகோணமலை வரை கார் வைத்திருப்பவர் எல்லோரும் இப்படித் தலையாட்டுகிறவர்கள்தான்.

முடிவதற்கு அது என்ன பெற்றோலா? கொம்பிரசர் அழுத்துகிறது, முன்னால் இருக்கும் கொண்டென்சர் சூட்டை வெளியே விடுகிறது, டேஷ்போட்டுக்குள் இருக்கும் எவப்பரேட்டர் உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது, அதே கேஸ் கொம்பிரசருக்கே திரும்புகிறது. எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. உங்கள் குசினியில் நிற்கும் பிரிஜ்ஜைப் போய்ப் பாருங்கள். மூத்த மகளின் கலியாணத்துக்கு வாங்கியது, இன்று பேரப்பிள்ளை அதிலிருந்து ஐஸ் எடுக்கிறான். இரவும் பகலும் ஓடுகிறது. வருசா வருசம் யார் வந்து அதற்குக் கேஸ் அடித்தார்கள்?

பிரிஜ் ஓரிடத்தில் நிற்கிறது, கார் குலுங்குகிறது என்பார்கள். குலுங்கட்டும். ரப்பர் குழாயும் கொம்பிரசர் சீலும் காலப்போக்கில் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அது பல வருடக் கணக்கு. ஒரே வருடத்தில் குளிர் நின்றால் அதற்குப் பெயர் ஓட்டை. கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றில் நிற்கும் கொண்டென்சர் அரித்துப் போகாமல் என்ன செய்யும்? அதிலும் 2020 தொடக்கம் ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்று, கிழட்டுக் கார்களையே தட்டிக்கொட்டி ஓட்டிய நாடு இது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பதொன்றும் மந்திர வித்தையல்ல. பொனட்டைத் திறந்து குழாய்ப் பொருத்துகளை டோர்ச் அடித்துப் பார்த்தாலே பாதி தெரியும். கேஸோடு ஓடும் எண்ணெயும் சேர்ந்து கசிவதால், அந்த இடத்தில் மட்டும் தூசி கறுப்பாக அப்பியிருக்கும். மீதிக்கு நைதரசன் ஏற்றி சவர்க்கார நுரை பூசலாம், சாயம் விட்டு புற ஊதா வெளிச்சத்தில் பார்க்கலாம். சில வேளை சல்லிக் காசு பெறாத ஓ-ரிங் ஒன்றுதான் குற்றவாளி. ஓட்டையை அடைத்த பிறகு வெக்கியூம் இழுத்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். சின்னக் காருக்கு அரைக் கிலோ அளவில்தான் பிடிக்கும். எத்தனை கிராம் என்று காரிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

நம்ம ஏசி பாஸ்மார் அந்த ஸ்டிக்கரைப் படித்ததை நான் கண்டதில்லை. அழுத்த மீற்றரைப் பார்த்தே அடிப்பார்கள். எஞ்சின் ஓடாத நேரம் மீற்றர் எதைச் சொல்லும்? 30 பாகை சூட்டில், கார் ஏசியில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் நூறு பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அரைவாசி போனாலும் உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும் வரை அதையேதான் காட்டும். கூட அடித்தாலோ அழுத்தம் ஏறிக் குளிர் குறையும். "கேஸ் காணாது" என்று அதற்கு மேலும் அடிப்பார்கள். பிரிஜ்ஜுக்கு இப்படி அடித்திருந்தால் வீட்டுக்காரி விளக்குமாற்றோடு வந்திருப்பா.

பாஸ்மாரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு மணித்தியாலம் தேடி ஓட்டையைக் காட்டினால் நாம் என்ன சொல்கிறோம்? "பார்த்ததுக்கெல்லாம் காசா?" கேஸ் அடித்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கிறோம். ஊசி போடாத டொக்டரை டொக்டராகவே மதிக்காத ஊர் அல்லவா? சோதித்துப் பார்த்து "மருந்து தேவையில்லை" என்றவர் கெட்டிக்காரர் இல்லை, சேலைன் ஏற்றியவர்தான் கைராசிக்காரர்.

இன்னொன்று. வருசா வருசம் அடிக்கும் கேஸ் எங்கே போகிறது? ஆகாயத்துக்கு. ஆர்-134ஏ ஓசோனைத் தின்னாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதே எடை காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கும் மேல். இன்று இந்தக் கேஸையும் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கையில் 1989லேயே சேர்ந்துகொண்ட நாடு இலங்கை. கொழும்பில் கையெழுத்து, கிண்ணியாவில் புஸ்ஸென்ற சத்தம்.

தற்காலிக வேலை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருவதற்குக் காரணம் உண்டு. குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டி முடியும் வரைக்கும் என்று விட்ட இழுவைப் படகு 2021 நவம்பர் 23 அன்று கவிழ்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அதையும் ஏசியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. "இப்போதைக்கு இது போதும்" என்ற பேச்சைக் கேட்டால் மட்டும் பொறுக்க முடிவதில்லை.

அக்வா, வெசல் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். ஹைபிரிட் காரின் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது, அதற்குள் மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய். பழைய வேனுக்கு விடுகிற எண்ணெயைக் கேஸோடு சேர்த்து அதற்குள்ளும் விட்டால் மின்காப்பு குறைந்து எச்சரிக்கை விளக்கு எரியும், கொம்பிரசரே போகலாம். அது போனதும் "ஹைபிரிட் எடுத்தா இதுதான்" என்று பள்ளி வாசலில் அடுத்த பேச்சு தொடங்கும், அதற்கும் இரண்டு பேர் நின்று தலையாட்டுவார்கள்.