மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்
ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கல்யாணப் படங்கள் ஆல்பத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றிவிடுகின்றன. அங்கே சுருங்கிப்போன படத்தை இணைய அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். தொலைந்த நுணுக்கம் திரும்பாது. பச்சைத்தோலில் உள்ள ஆழமான குறை பினிஷிங்கில் சரியாகாது என்பது தோல் ஊர்க்காரர்களான நமக்குத் தெரியாததா? படம் எடுத்தவரிடம் மூலப்படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 4×6 அளவுக்கு 1200×1800 பிக்சல் போதும். சுவரில் மாட்டும் 12×18க்கு 3600×5400 வேண்டும். செல்போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதம், 4×6 தாளோ 3:2. எங்கே வெட்டுவது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். இல்லையேல் குரூப் போட்டோவில் பின்வரிசை உறவினர்களின் தலை போய்விடும். வாழ்த்த வந்தவர்களை முழுதாகப் பதித்துவைப்பது நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.